கடைசிச் சொட்டு வரைக்கும் பழைய ஆயிலை இறக்க முடியுமா?

10 பிப்ரவரி 2024 (வாசகர் கேள்வி)

அண்ணா, என்னோடது ஹோண்டா யூனிகார்ன் 150 பைக். எங்க தெரு மெக்கானிக் ஆயில் மாத்துறப்போ அடியில ஆயில் இறக்குற ட்ரெயின் போல்ட்டைத் திறந்து, வண்டியை ரெண்டு பக்கமும் சாய்ச்சு, கிக்கரை நாலு மிதி மிதிச்சு, கடைசியா கம்ப்ரசர் காத்தும் அடிச்சுட்டுத்தான் மூடுவார். போன தடவை ஒரு சர்வீஸ் சென்டர்ல விட்டேன். அஞ்சு நிமிஷம் வடிய விட்டாங்க, மூடினாங்க, புதுசை ஊத்திட்டாங்க. மேனுவல்ல பாத்தா வடிச்ச பிறகு 1 லிட்டர், எஞ்சினைப் பிரிச்சுக் கோத்த பிறகு 1.2 லிட்டர்னு போட்டிருக்கு. அப்ப 200 மில்லி பழசு உள்ளேயே நிக்குதுல்ல? அது புது ஆயிலைக் கெடுத்துடாதா? ஒரு சொட்டு விடாம எடுக்க என்ன வழி?

10 பிப்ரவரி, இரவு

ட்ரெயின் போல்ட் வழியா முழுசா எடுக்க முடியாது தம்பி. மேனுவல்ல ரெண்டு அளவு அச்சடிச்சிருக்கிறதே அதனாலதான். அந்த 200 மில்லி ஒரே இடத்துல தேங்கி நிக்கலை. கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவுல படலமா இருக்கு. ஆயில் பம்ப்புக்குள்ள, ஹெட்டுக்கு ஏறுற துளையில, கேம் ஷாஃப்ட்டுக்கு அடியில உள்ள பள்ளத்துல, கியர் பல்லுல, பேரிங்ல, கிரான்க் கேஸ் (எஞ்சினோட கீழ்க்கூடு) சுவர்லன்னு பரவிக் கிடக்கு. நம்ம ஊர் பைக்குகள்ல எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூணுக்கும் ஒரே ஆயில்ங்கிறதால ஒட்டிக்கிற பரப்பும் அதிகம். சாய்ச்சா கொஞ்சம் வரும், மிதிச்சா கொஞ்சம் வரும். மிச்சம் வராது.

கெடுக்குமாங்கிறதை நாளைக்குக் கணக்கோட எழுதுறேன்.

11 பிப்ரவரி

மொத்தம் 1.2 லிட்டர், நிக்கிறது 0.2. ஆறுல ஒரு பங்கு. ஒரு ஆயில் ஓடி முடியறப்போ சேர்ற அழுக்கை 100-னு வச்சுக்குவோம். முதல் தடவை மாத்தினப்புறம் உள்ள தங்குறது கிட்டத்தட்ட 17. அடுத்த தடவை 117-ல ஆறுல ஒண்ணு, அதாவது 19.5. அதுக்கு அடுத்தது 20-க்குக் கொஞ்சம் கீழ. அதோட நின்னுடும். எத்தனை வருஷம் ஓட்டினாலும் 20-ஐத் தாண்டாது. மாத்த மாத்த பாக்கி சேர்ந்துக்கிட்டே போகும்னு நிறைய பேர் பயப்படுறாங்க. ஒவ்வொரு தடவையும் ஆறுல அஞ்சு பங்கு வெளிய போறப்போ அது எப்படிச் சேரும்?

ஆக, மாத்துறதுக்கு முந்தின நாள் உங்க ஆயில்ல இருக்கிற அழுக்கு 120. சொட்டு விடாம வடிக்க முடிஞ்சிருந்தா 100. இந்த 20-தான் மொத்த சண்டையும். இதை இல்லாம பண்ண வண்டியைச் சாய்க்க வேணாம், காத்தடிக்க வேணாம். 6,000 கிமீ-ல மாத்துறவர் 5,000-ல மாத்தினா போதும். 5,000-ல சேர்றது 83, அதுக்கு அஞ்சுல ஒண்ணு பாக்கி 17, கூட்டினா 100. கடைசிச் சொட்டைத் துரத்துறதால கிடைக்கிற லாபம் முழுசும் அந்த ஆயிரம் கிலோமீட்டர்ல இருக்கு.

இன்னொண்ணு. மேனுவல் எழுதினவங்களுக்கும் அந்த 200 மில்லி தெரியும். இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு அவங்க போட்டது அந்தப் பாக்கியோட ஓடுற எஞ்சினுக்குத்தான்.

11 பிப்ரவரி, மாலை

"அப்ப அஞ்சு நிமிஷத்துல மூடினது சரியா?"ன்னு கேட்டிருக்கீங்க. சரியில்லை. 200 மில்லிங்கிறது சூடான எஞ்சின்ல, சமதரையில, பொறுமையா வடிச்ச பிறகு நிக்கிறது. ஆறிப்போன வண்டியில அவசரமா வடிச்சா 300, 350 கூட நிக்கலாம். அதுக்கு மேல கேனைப் பாத்து ஒரு லிட்டரை அப்படியே கவுத்தா லெவல் டிப்ஸ்டிக்கோட (ஆயில் அளவு பாக்கிற குச்சி) மேல் கோட்டைத் தாண்டிடும். கிரான்க் ஆயிலை அடிச்சு நுரையாக்கும், எஞ்சின் மூச்சு விடுற பிரீதர் குழாய் வழியா ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஆயில் போகும், எஞ்சின் இழுக்கத் திணறும். பாக்கியால வர்ற உண்மையான தொந்தரவு இதுதான். அளவு தப்பிப் போறது.

12 பிப்ரவரி

கிக் விஷயத்துல உங்க மெக்கானிக்குக் கொஞ்சம் நியாயம் செய்யணும். சாவியை ஆஃப் பண்ணிட்டு கையாலயோ காலாலயோ கிக்கரை மெதுவா ரெண்டு மூணு தடவை இறக்குறதால கெடுதல் ஒண்ணும் இல்லை. பம்ப்புல இருக்கிறது கொஞ்சம் வரும். நானும் செய்யறதுண்டு. ஆனா போல்ட்டைத் திறந்து வச்சுட்டு ரெண்டு செகண்ட் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துற பழக்கம் சில பட்டறைகள்ல இருக்கு. அதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க. ஆயில் இல்லாம கேமும் பிஸ்டனும் உரசுற அந்த ரெண்டு செகண்டுக்கு எந்த ஸ்பூன் ஆயிலும் ஈடாகாது.

13 பிப்ரவரி

காத்தடிக்கிறது பத்தி. ரோட்டோர கம்ப்ரசர் டேங்க்குல தண்ணி நிக்கும். அடியில உள்ள வால்வைத் தினமும் திறந்து விடுறவங்க குறைவு. அந்த ஈரக் காத்தை ஆயில் ஊத்துற ஓட்டை வழியா எஞ்சினுக்குள்ள அனுப்பி நாம எதைச் சுத்தம் பண்றோம்? பெரிய பள்ளத்துல இருக்கிறதைத் தள்ளும், அது கொஞ்ச நேரம் விட்டா தானா வந்திருக்கும். கிளட்ச் பிளேட்டுக்கு நடுவுல இருக்கிறதை அதால தள்ள முடியாது. ஆயில் சீல் மேல தேவையில்லாத அழுத்தம் வேற.

இதைவிட மோசம் மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி அலசுறது. யோசிச்சுப் பாருங்க. அலசின பிறகும் அதே போல்ட் வழியாத்தானே இறக்கணும்? அதே 200 மில்லி உள்ள நிக்கும். இப்ப நிக்கிறது ஆயில் இல்லை, டீசல். ஒரு லிட்டர் புது ஆயில்ல 200 மில்லி டீசலைக் கலந்து ஓட்டச் சொன்னா யாராவது ஓட்டுவாங்களா? பழைய ஆயில் பழசா இருந்தாலும் ஆயில்தான், படலம் பிடிக்கும். அது போக, வருஷக்கணக்கா சுவர்ல காஞ்சு ஒட்டியிருந்த கசடை டீசல் பாதி கரைச்சு விட்டுடும். அது நேரா பம்ப்போட வலையில போய் அடைக்கும்.

மண்ணெண்ணெய் அலசல் எங்கப்பா காலத்துப் பழக்கம். அப்போதைய ஆயில்கள்ல அழுக்கை மிதக்கவிட்டு வெளிய கொண்டுவர்ற சேர்மானம் குறைவு. இப்ப ஆயிலே அந்த வேலையைச் செய்யுது.

14 பிப்ரவரி

"புதுசு ஊத்தி 200 கிமீ-ல கறுத்துடுச்சு, அந்தப் பாக்கிதானே காரணம்?" பாதி அதுதான். ஆறுல ஒரு பங்கு கறுப்பு கலந்தாலே நிறம் மாறிடும். மீதி, ஆயில் தன் வேலையைச் செய்யறதோட அடையாளம். நிறத்தை வச்சு ஆயில் கெட்டுதுன்னு முடிவு பண்ணாதீங்க. விரல்ல தொட்டா மணல் மாதிரி நெருடுதா, பெட்ரோல் வாசனை தூக்கலா இருக்கா, வெளுத்திருக்கா, இதையெல்லாம் பாருங்க.

17 பிப்ரவரி

நான் எப்படிச் செய்யறேன்னு கேட்டதால எழுதுறேன். வேளச்சேரியில வீட்டு வாசல்ல செய்யற வேலை.

ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து நிறுத்துவேன். சைலன்சர் பெண்ட் பைப் தொட முடியாத சூட்டுல இருக்கும். அது கொஞ்சம் ஆறட்டும்னு சில நிமிஷம். ஆயில் சூடா இருந்தா நீர்த்திருக்கும், அழுக்கும் அடியில படியாம கலந்திருக்கும், ரெண்டும் சேர்ந்து வெளிய வரும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முதல்ல மேல டிப்ஸ்டிக்கைக் கழட்டி ஒரு துணி போட்டு மூடி வைப்பேன். காத்து உள்ள போக வழி இருந்தாத்தான் கீழ தடையில்லாம இறங்கும். போல்ட் 17 ஸ்பேனர். சாக்கெட் இல்லேன்னா ரிங் ஸ்பேனர். ஓபன் ஸ்பேனர் போட்டுத் தலையைச் சிதைக்கக் கூடாது. கடைசி ரெண்டு மரையை விரலால, போல்ட்டை உள்பக்கம் அழுத்திக்கிட்டே சுத்திட்டு, சட்டுனு பக்கவாட்டுல இழுத்துடணும். அப்ப கையில வழியாது, போல்ட்டும் சட்டிக்குள்ள விழாது.

முதல் அரை நிமிஷத்துல பெரும்பகுதி விழுந்துடும். அப்புறம் நூலா வரும், அப்புறம் சொட்டும். அந்தச் சொட்டு நேரத்துலதான் வண்டியை இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை மெதுவா சாய்ப்பேன். சாய்க்கிறப்போ திரும்ப நூலா ஒரு முறை வரும். கிக்கர் ரெண்டு தடவை. அப்புறம் டீ குடிக்கப் போயிடுவேன். இருபது நிமிஷம் கழிச்சு வந்து பாத்தா ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருக்கும். அவ்வளவுதான். அதுக்கு மேல நிக்கிறதுல பிரயோஜனம் இல்லை.

மூடறப்போ வாஷர் புதுசு. ஊத்தறப்போ 900 மில்லியோட நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் திருகாம சும்மா வச்சு எடுத்துப் பாத்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா. ஹோண்டாவுல திருகாமதான் பாக்கணும். சில கம்பெனி வண்டிகள்ல திருகிப் பாக்கச் சொல்லும், சிலதுல கண்ணாடி ஜன்னல் இருக்கும். உங்க மேனுவல் சொல்றபடி செய்ங்க.

18 பிப்ரவரி

ஒருத்தர், "வடிச்சதை அளந்தேன், 700 மில்லிதான் வந்துது, அப்ப 500 மில்லி உள்ள மாட்டிக்கிச்சா?"ன்னு பதறியிருக்கார். இறக்குறதுக்கு முன்னாடி லெவல் பாத்தீங்களா? பாக்கலேன்னா இந்த 700-க்கு அர்த்தமே இல்லை. வண்டி ஆயில் குடிச்சிருக்கலாம், எங்கயாவது கசிஞ்சிருக்கலாம். முதல்ல லெவல், அப்புறம் ட்ரெயின். மேல் கோட்டுல இருந்தும் 700-தான் வருதுன்னா வண்டி சாய்வா நிக்குது, இல்லேன்னா நேரம் கொடுக்கலை.

20 பிப்ரவரி

புல்லட்காரங்க ரெண்டு பேர் வந்து நான் எழுதினது அவங்க வண்டிக்குப் பொருந்தாதுன்னு சொல்லியிருக்காங்க. சரிதான். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுல எஞ்சின், கியர்பாக்ஸ், பிரைமரி (எஞ்சினையும் கிளட்ச்சையும் இணைக்கிற செயின் பெட்டி) மூணுக்கும் ஆயில் தனித்தனி. எஞ்சின்லயே ஆயில் நிக்கிற அறை வேற, கிரான்க் சுத்துற அறை வேற. ரொம்ப நாள் நிறுத்தி வச்சா ஆயில் மெல்ல மெல்ல கிரான்க் பக்கம் இறங்கி நிக்கும். அதனால அடியில ரெண்டு பிளக்கையும் திறக்கணும். ஒண்ணை மட்டும் திறந்துட்டு "முழுசா இறக்கியாச்சு"ன்னு சொன்னா அது அரைகுறை. அந்த வண்டியில "முழுசா"ங்கிற வார்த்தைக்கு நான் மேல சொன்ன 200 மில்லியை விடப் பெரிய அர்த்தம் இருக்கு. பின்னாடி வந்த யூசிஇ எஞ்சின்ல (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கிறது) எல்லாத்துக்கும் ஒரே ஆயில், பேப்பர் ஃபில்டர் வலது பக்கம்.

25 பிப்ரவரி

இந்த ஒரு வாரமா எனக்கு ஒரு எண்ணம் ஓடிக்கிட்டே இருக்கு. நாம எல்லாரும் திரவத்தையே பேசிக்கிட்டு இருக்கோம். நிஜமான அழுக்கு திரவத்துல இல்லை.

அப்பாவோட ஸ்ப்ளெண்டர்ல கிளட்ச் பிளேட் மாத்த வேண்டி வந்தப்போ வலது பக்க கவரைக் கழட்டினோம். அந்த வண்டியில பேப்பர் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலை, அது போக கிரான்க்கோட சேர்ந்து சுத்துற ஒரு சின்ன வட்ட டப்பா, அவ்வளவுதான். டப்பாவுக்குள்ள ஆயில் வந்து சுத்துறப்போ கனமான துகள் எல்லாம் ஓரத்துச் சுவர்ல போய் அப்பிக்கும், சுத்தமான ஆயில் நடுவுல வெளியேறும். அந்த மூடியைத் திறந்தா, சுவரைச் சுத்தி கறுப்பா ஒரு பட்டை. ஈரமா பளபளன்னு இருக்கு, ஆனா வழியலை. ஸ்க்ரூ டிரைவர் முனையால சுரண்டினா சுருள் சுருளா வருது. விரல்ல தேய்ச்சா நுணுக்கமா நெருடுது, வெயில்ல பிடிச்சா அதுக்குள்ள மினுமினுப்பு. அலுமினியம், கிளட்ச் பிளேட் தூள், இரும்பு எல்லாம் சேர்ந்த வண்டல். அப்பா நேரம் தவறாம ஆயில் மாத்துறவர். ஒவ்வொரு தடவையும் அந்த வட்டத்துக்கு வெளிய இருந்ததெல்லாம் இறங்கிச்சு, இது இறங்கலை. எவ்வளவு சாய்ச்சாலும், எவ்வளவு காத்தடிச்சாலும் இறங்கியிருக்காது.

அந்தப் பட்டை கெடுதல்னு சொல்லலை. துகள் அங்க மாட்டிக்கிட்டதால பேரிங்குக்குப் போகலை, டப்பா தன் வேலையைச் செஞ்சிருக்கு. ஆனா அது நிரம்பிட்டா அப்புறம் வர்றதைப் பிடிக்க இடம் இருக்காது. மேனுவல் அட்டவணையில இந்த டப்பாவையும் வலையையும் சுத்தம் பண்ண தனி வரி போட்டிருக்கு. அந்த வரியை யாரும் படிக்கிறதில்லை. கவர் கேஸ்கெட் மாத்தணும், கூலி கூடும், அதனால பட்டறையிலயும் தானா சொல்றதில்லை. உங்க வண்டியில இது இருக்கான்னு பாருங்க. இருந்தா கேட்டு வாங்குங்க. பேப்பர் ஃபில்டர் இருக்கிற வண்டின்னா ஆயிலோட அதையும் மாத்துங்க. ஃபில்டருக்குள்ள நிக்கிற பழைய ஆயிலும் அதோட போயிடும்.

2 மார்ச்

முழுசா எடுத்தே தீரணும்னு ஒரு நிலைமை உண்டு. எஞ்சினுக்குள்ள தண்ணி போறது.

2015 டிசம்பர்ல எங்க ஏரியாவுல சீட் வரைக்கும் மூழ்கின வண்டிகள் வரிசையா நின்னுது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ திரும்பவும் அதே. ரெண்டு தடவையும் பாத்தேன், தண்ணி வடிஞ்ச உடனே எல்லாரும் முதல்ல செஞ்சது செல்ஃப் பட்டனை அழுத்தினது. அதைச் செய்யவே கூடாது. சிலிண்டர்ல தண்ணி இருந்தா பிஸ்டன் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். ஆயிலோட தண்ணி கலக்குறதும் எஞ்சின் சுத்தின பிறகுதான்.

சுத்தாம நின்ன வண்டின்னா ஒரு அதிர்ஷ்டம் இருக்கு: தண்ணி ஆயிலை விட கனம், அடியில போய் நின்னிருக்கும். பக்கத்து வீட்டு வண்டியோட ட்ரெயின் போல்ட்டைத் திறந்தப்போ முதல்ல கலங்கல் தண்ணி மட்டும் வந்துது, அது நின்னு ஒரு நொடி கழிச்சுத்தான் கறுப்பு ஆயில் இறங்கிச்சு. சூடு பண்ண வேண்டிய அவசியமே இல்லை, பண்ணவும் கூடாது. ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு கொண்டுவந்த வண்டிகள்ல எல்லாம் பால் காபி நிறத்துல நுரையா வந்துது. அது வலையிலயும் கிளட்ச்சுலயும் ஒட்டிக்கிட்டு சீக்கிரம் போகாது.

இங்க அந்த ஆறுல ஒண்ணு கணக்கு நமக்கு உதவி செய்யுது. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி சிலிண்டர் தண்ணியை வெளியேத்தி, ஏர் ஃபில்டர் பெட்டியைக் காய வச்சு, விலை குறைஞ்ச பைக் ஆயில் ஊத்தி, கொஞ்ச நேரம் ஐடில்ல ஓடவிட்டு இறக்கணும். மறுபடியும் ஊத்தி இறக்கணும். முதல் தடவை ஆறுல ஒரு பங்கு நிக்கும், ரெண்டாவதுக்கு 36-ல ஒண்ணு, மூணாவதுக்கு 216-ல ஒண்ணு. அரை சதவீதத்துக்கும் கீழ. மூணு மலிவான ஆயில், நாலாவதா நல்ல ஆயில். எஞ்சினைப் பிரிக்கிற செலவோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்லை.

அலசத்தானேன்னு கார் ஆயிலை ஊத்தாதீங்க. கிளட்ச் அதுலதான் முங்கி இருக்கு. கார் ஆயில்கள்ல வழுக்கலுக்காகச் சேர்க்கிற சரக்கு பிளேட்டுல ஏறிடுச்சுன்னா கிளட்ச் ஸ்லிப் ஆகும். மலிவா இருந்தாலும் கேன்ல ஜாசோ எம்ஏ (JASO MA) இல்லேன்னா எம்ஏ2-ன்னு, ஆயில்ல முங்கி இருக்கிற கிளட்ச்சுக்கான தரக் குறி போட்டிருக்கணும்.

3 மார்ச்

போல்ட் இறுக்குறது பத்தி ஒரு வரி எழுத நினைச்சேன், அது எனக்குக் கோபம் வர்ற விஷயம். ஒரு பட்டறையில என் வண்டியோட ட்ரெயின் போல்ட்டை நீளக் கைப்பிடி போட்டு ஏறி நின்னு இறுக்கியிருக்காங்க. அடுத்த தடவை நான் திறந்தப்போ போல்ட்டோட சேர்ந்து அலுமினிய மரையும் சுருளா வெளிய வந்துது. லேத்ல கொடுத்து ஹெலிகாயில் (புது மரையா உள்ள திருகுற கம்பிச் சுருள்) போட வேண்டியதாப் போச்சு. இந்த சைஸ் போல்ட்டுக்கு 25-லிருந்து 30 நியூட்டன் மீட்டர் போதும். இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லேன்னா, விரலால முட்டுற வரைக்கும் சுத்திட்டு, சின்ன ஸ்பேனர்ல ஒரு கை இழுப்பு. கசியாம தடுக்கிறது வாஷர், பலம் இல்லை. பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போடுறவங்கதான் கசிவை நிறுத்த பலத்தைப் போடுறாங்க. பத்து இருபது ரூபா வாஷருக்காக ஒரு கிரான்க் கேஸைக் கெடுக்கிறது மனசு ஆறாத வேலை.

10 மார்ச்

இறக்கின ஆயிலை என்ன செய்யறதுன்னு கேள்வி. சாக்கடையில ஊத்தாதீங்க, செடிக்கு அடியில ஊத்தாதீங்க. மத்திய அரசோட 2016 கழிவு விதிகள்படி இது அபாயகரமான கழிவு. நான் மூடி இறுக்கமான கேன்ல சேர்த்து வச்சு, வேஸ்ட் ஆயிலை மொத்தமா ரீசைக்கிள் பண்றவங்களுக்குக் கொடுக்கிற பட்டறையில சேர்த்துடறேன். கட்டட வேலைக்காரங்க சென்ட்ரிங் பலகையில பூச வாங்கிட்டுப் போவாங்க, ஊர்ல அது சாதாரணம். அவங்க வெறுங்கையால துணியில முக்கிப் பூசறதைப் பாத்ததுலேர்ந்து எனக்குக் கொடுக்க மனசு வரலை. பயன்படுத்தின ஆயில் தோலுக்கு ஆகாது. நாமளும் கையுறை போட்டுக்கிறது நல்லது.

காலி கேனை அப்படியே பழைய சாமான் கடைக்குப் போடாதீங்க. ஓட்டை போட்டு, லேபிளைக் கிழிச்சுப் போடுங்க. அதே கேன் போலி ஆயிலோட திரும்ப அலமாரிக்கு வந்துடும்.

16 மார்ச்

முதல்ல கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து, தானே மாத்திட்டதாகவும் 950 மில்லிக்கே லெவல் மேல் கோட்டுக்கு வந்துடுச்சுன்னும் எழுதியிருக்கார். அப்ப 250 நின்னிருக்கு. பரவாயில்லை, கோடு சொல்றதுதான் சரி, மீதி 50 மில்லியை ஊத்தாதீங்க.

வீட்டுல அம்மாவோட ஆக்டிவாவுக்கும் செய்யலாமான்னு கேட்டிருக்கார். செய்யலாம், ஆனா ஸ்கூட்டர்ல ரெண்டு தனி ஆயில். எஞ்சினுக்கு ஒண்ணு. பின் சக்கரத்துப் பக்கம் கியர் பெட்டிக்கு 100-லிருந்து 120 மில்லிக்குள்ள இன்னொண்ணு. ரெண்டுக்கும் ட்ரெயின் போல்ட் தனித்தனி, ரெண்டும் அடிப்பக்கம்தான். கியர் போல்ட்டைத் திறந்து அதை இறக்கிட்டு, எஞ்சின் ஆயிலை இறக்கினதா நினைச்சு மேல புதுசை ஊத்தினவங்களை எனக்குத் தெரியும். எஞ்சின்ல ரெட்டைப் பங்கு, கியர் பெட்டி காலி. போல்ட்டைத் திறந்ததும் விழுற அளவைப் பாருங்க. ஒரு டீ கிளாஸ் அளவோட நின்னுடுச்சுன்னா நீங்க திறந்தது கியர் பக்கம், அங்கயே நிறுத்திட்டு அடுத்த போல்ட்டைத் தேடுங்க.